உள்ளே இருந்தவர்

டிராக்டரின் வயிற்றுக்குள் கேட்ட அந்த முனகல் இத்தனை வருஷம் கழித்தும் என் காதில் இருக்கிறது. நான் அதன் முன்டயர்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன டிராக்டர் அது. வயலில் சேறு ஆழம் என்று பின்னால் மட்டும் பெரிய டயர்களை மாட்டினார்கள். அண்ணாந்து பார்த்தேன். பாதி வானத்தைக் காணவில்லை.

"நான் ஒரு சுத்து சுத்தினா பாதி வரப்பு முடிஞ்சுரும். கூடவே ஓடி வாடா, பொடியா!" என்றது பெரிய டயர்.

சேற்றில் வழுக்கிக்கொண்டே எப்படியோ சமாளித்தேன். தார்ச்சாலை ஏறியதும் வழுக்க இடமில்லை. சாலை என் தோலை உரித்தது.

"இழுக்காதீங்கண்ணே! உங்க ஒரு சுத்துக்கு என்னால ஒன்றரைதான் முடியும். உள்ளே யாரோ என்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"உள்ளே யாருடா இருக்கா? வண்டியே நாமதான்!"

அப்போதுதான் அந்த முனகல் கேட்டது. "நான் இருக்கேன். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்க்க, பழைய டயர்களுக்கு அளவெடுத்துச் செஞ்ச கியர் நான். ரெண்டு பக்கமும் இழுத்தா உடைஞ்சுபோவேன்."

"கொஞ்ச தூரம்தான், பொறுத்துக்க," என்று பெரிய டயர் உருண்டது. புளியமரத்து வளைவில் கியர் உடைந்தது.

மெக்கானிக் ரோஸ்லின் அதை வெளியே எடுத்தாள். அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"இவ்வளவுதானா நீங்க?" என்றது பெரிய டயர். முதல்முறையாக அதன் குரல் தாழ்ந்திருந்தது. "எங்க எல்லாரையும் நீங்களா சேர்த்து ஓட்டுனீங்க?"

காகிதங்கள் பறக்காமலிருக்க ரோஸ்லின் அந்தக் கியரைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.