வேட்டியின் வெள்ளை

"வடிவாப் பார் தம்பி! என்ரை மனிசனை மஞ்சளிலை தோச்சு எடுத்து வைச்சிருக்கிறாய்!"

மகளின் கலியாண அல்பத்தை, படம் பிடித்த நஸீரின் மேசையில் பொத்தென்று போட்டாள் கேதீஸ்வரி. ஸ்டூடியோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மற்ற எல்லாரும் நல்ல நிறம். பொம்பிளையின்ரை தகப்பன் மட்டும் பழுத்த பிலாச்சுளை! மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலை இதைப் பாத்தால் சிரிக்க மாட்டினமோ?"

நஸீர் கணினியில் படத்தைத் திறந்தான்.

"இது கமரா பிடிச்சபடியே இருக்கிற றோ படம், அக்கா. அண்ணையின்ரை வேட்டியை வெள்ளையா வைச்சுத்தான் மற்ற நிறமெல்லாம் சரிபாத்தனான்."

மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துக் காட்டினான். அவள் கணவர் சோமசேகரத்தின் முகம் தெளிந்தது. ஆனால் வேட்டி நீலம் பாரித்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் முகமும்.

"ஐயோ, மாப்பிள்ளையைக் கெடுக்காதை! இவரின்ரை முகத்தை மட்டும் மாத்து. ஏலாதோ உனக்கு?"

"ஏலும் அக்கா. ஆனா மாத்தமாட்டன்."

"திமிரைப் பார்!"

"அண்ணையை முத்தத்து வெளிச்சத்திலை நிப்பாட்டி, படத்தைப் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. படம் பிழையெண்டால் முழு அல்பத்தையும் திரும்ப அடிச்சுத் தாறன்."

கொக்குவில் வீட்டுக்கு வரும்வரை அவனைத் திட்டித் தீர்த்தாள். வந்த வேகத்தில் மனிசனை முற்றத்துக்கு இழுத்தாள்.

படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளைகூட அதே மஞ்சள்! கலியாண அமளியில் அவரை நிமிர்ந்து பார்த்தே எத்தனை நாள்!

அன்றே ஆசுப்பத்திரி. பித்தக் குழாயைக் கல் அடைத்திருந்தது. "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் ஆளைத் தப்பவைக்கிறது கஷ்டம்" என்றார் டொக்டர்.

மூன்று கிழமை கழித்து, சோமசேகரம் இரண்டாம் தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அன்று, ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனாள் கேதீஸ்வரி.

"உன்னைத் திட்டின வாயாலை எத்தினை கோயிலிலை உன்ரை பேரைச் சொல்லிப்போட்டன், ராசா. ஆனா அவருக்கு வருத்தமெண்டு அண்டைக்கே ஏன் வாய் திறந்து சொல்லேல்லை?"

நஸீர் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை உங்களுக்கு முதலே இஞ்சை வந்தவர், அக்கா. 'மகள் பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். படத்திலை மஞ்சளை எடுத்துவிடச் சொல்லியும் கெஞ்சினவர்."

"பிறகு?"

"அதுக்கு மட்டும் நான் ஓம் எண்டு சொல்லேல்லை."