வாசல் பக்கம்தான்

“ஏங்க, வாசல் பக்கம்தான் வருது! கேட்டை விட்டு நகராதீங்க!”

மிருகக்காட்சிசாலையின் கண்காணிப்பு அறையிலிருந்து அவள் வாக்கி டாக்கியில் கத்தினாள். சற்றுமுன் கூண்டை உடைத்துக்கொண்டு ஓடிய சிறுத்தையின் கழுத்துப்பட்டை, வினாடிக்கு ஒரு முறை ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கூரைமேல் இருந்த ஆன்டெனாக்கள் கணித்துச் சொல்லும். திரையில் கோடு வாசலைக் காட்டியது.

அறைக்கு எதிரே இருந்த கேட்டில் மயக்க ஊசித் துப்பாக்கியுடன் நின்ற மிருக டாக்டர் அவள் கணவன்.

“இங்க ஒரு பூனையக்கூடக் காணோமே?”

“சிக்னல் ஏறிக்கிட்டே போகுது. நல்லாப் பாருங்க!”

வாசல் கதவைத் தாழிட்டு, பெஞ்சை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி திரைமுன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திறந்திருந்த பின்கதவு வழியாகக் குளிர்ந்த காற்று முதுகில் பட்டும் வியர்த்தது.

“பயப்படாதே. கையில தடி கிடி ஏதாவது வச்சிருக்கியா?”

“காலையில ரிப்பேருக்குக் கழட்டின ஆன்டெனா கம்பி இருக்கு.”



“எது? வரிசைய விட்டுத் தள்ளித் தனியா நிக்குமே, அந்த அஞ்சாவதா?”

“ஆமா. மத்த நாலும் நல்லாத்தானே…”

அவள் கம்பியைப் பார்த்தாள். ஒரே வரிசையில் நிற்கும் நாலு ஆன்டெனாவுக்கு, அலை முன்னாலிருந்து வருகிறதா, நேர் பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே இருந்த ஐந்தாவது அவள் கையில் இருந்தது.

“பின்கதவை மூடு!” என்று கத்தினான் கணவன்.

அவள் திரும்பவில்லை. முதுகில் பட்ட காற்று இப்போது சூடாக இருந்தது.