மொட்டை மனு

முதல் அநியாயம்: பதினோரு வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிய செல்வமாரிக்கு, சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைக்கவில்லை.

இரண்டாவது: ஏன் என்று கேட்டதற்கு, 'விண்ணப்பதாரரே தமது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று பதில் வந்தது. வேலை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பங்களாவா இருக்கிறது?

மூன்றாவது: அந்த வேலை ஐஸ்வர்யாவுக்குப் போனது. ஐஸ்வர்யா, ஜெயப்பிரியாவின் சித்தி மகள்.

நான்காவது: செல்வமாரி விண்ணப்பம் போட்ட அதே படிப்பகத்துக் கம்ப்யூட்டரைத் துடைத்து அழிக்க, இன்று காலையில் வந்து உட்கார்ந்திருப்பவள் ஜெயப்பிரியா.

நான்கையும் வரிசை மாறாமல் படிப்பக வாசலில் நின்று உரக்க வாசித்தார் ராமசுப்பு. நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதிய கை. மூன்று முறை ஜெயிலுக்கும் போன உடம்பு. சாட்சிக்குப் பலசரக்குக் கடை மாதவனையும் ஆட்டோ உச்சிமாகாளியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். செல்வமாரி ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

"கையை எடு ஏட்டி, அந்த மிஷின்ல இருந்து!"

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் ஜெயப்பிரியா மவுஸை விடவில்லை. "அண்ணாச்சி, பழசைத் துடைச்சிட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடுதேன். இனிமே இதுல இணையம் பாக்க மட்டுந்தான் முடியும். ஒருத்தர் பாத்துட்டு எந்திரிச்சுப் போனா, அஞ்சு நிமிஷத்துல அவிய பாத்தது அம்புட்டையும் அதுவே மறந்துட்டு, முதல் பக்கத்துக்கு வந்துரும்."

"மறக்குற மிஷின் எதுக்கு? குத்தவாளிக்குத்தான் மறதி வேணும்."

"அப்பிடிப் போடுங்க!" என்றான் உச்சிமாகாளி.

"பழசு மறக்காததுதான் வினையாப் போச்சு. செல்வமாரி தன் பக்கத்தை மூடாம எந்திரிச்சுப் போயிட்டா. அடுத்தாப்ல உக்காந்தவிய முன்னால 'விண்ணப்பத்தை ரத்து செய்யவா'ன்னு இங்கிலீசுல ஒரு பெட்டி வந்து நின்னிருக்கு. அது போனாப் போதும்னு 'ஆமா'வை அமுக்கிட்டாவ. வேணும்னு செஞ்சதில்ல."

"பெட்டி வந்தா எல்லாருந்தான் அமுக்குதோம். நேத்து நான் கூட என்னத்தையோ அமுக்கி, போனு பூராவும் இந்தியில பேசுது," என்றார் மாதவன்.

"நீரு சும்மா இரும் வே." ராமசுப்பு திரும்பினார். "அடுத்தாப்ல உக்காந்தது யாரு? உன் சித்தி மகளா?"

"இல்ல."

"அப்போ யாருன்னு உனக்குத் தெரியும்."

ஜெயப்பிரியா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செல்வமாரிதான் வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, மேல்முறையீடு எழுதிக் கொடுத்ததே ஜெயாக்காதான். ஐஸ்வர்யா வீட்டுல இவியகூடப் பேச்சுவார்த்தையே இல்ல இப்போ. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மனுவைக் கொடுக்கணும். விடுங்க அண்ணாச்சி."

ராமசுப்பு ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"'யாரோ ஒருவர் தவறுதலாக ரத்து செய்துவிட்டார்.' என்ன இது? யாரோ ஒருவரா? எத்தனை மனு எழுதியிருக்கேன் நான்! பேரு இல்லாட்டி இது மொட்டை மனு தாயி. ஆபீசர் இந்தக் கையால வாங்கி அந்தக் கையால குப்பையில போடுவான். செஞ்சவன் பேரு இருக்கணும், ரெண்டு சாட்சி கையெழுத்து இருக்கணும். அப்பதான் உனக்கு வேலை."

"பேரு போட்டா நிச்சயமாக் கிடைக்குமா?" ஜெயப்பிரியா கேட்டாள்.

"போடலேன்னா நிச்சயமாக் கிடைக்காது."

அவள் பழைய பட்டியலைத் திரையில் திறந்தாள். "சரி. முதல்ல நீங்க மட்டும் பாருங்க. பாத்துட்டு, வாசிக்கவா அழிக்கவான்னு சொல்லுங்க."

"மூடி மறைக்குற பழக்கம் நம்மகிட்ட கெடையாது. சாட்சிக்கு முன்னால வாசி!"

"நான் வாசிக்க மாட்டேன் அண்ணாச்சி."

"பயந்தாங்கொள்ளி. தள்ளு."

ராமசுப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்தார். பழைய கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருந்த பட்டியல். ஜெயப்பிரியா விரல் வைத்துக் காட்டினாள்: போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு விண்ணப்பம் ரத்து. பதினொன்று இருபத்திரண்டுக்கு அதே ஆள் தன் மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார். அந்த வரியிலேயே பெயரும் இருந்தது.

குனிந்தவர் நிமிரவில்லை.

"என்ன அண்ணாச்சி, இங்கிலீசா? நான் வேணா எழுத்துக் கூட்டிச் சொல்லவா?" உச்சிமாகாளி எட்டிப் பார்க்க வந்தான். ஜெயப்பிரியா குறுக்கே நகர்ந்து மறைத்துக்கொண்டாள்.

"அழிச்சிரவா?" அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "நான் யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அழிக்காத."

மேஜை மேல் மனுவை விரித்தார். 'யாரோ ஒருவர்' என்பதை அடித்துவிட்டு அதன் மேல் எழுதினார். மாதவனையும் உச்சிமாகாளியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் முதலாளிமார் பெயரை வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்:

"செல்வமாரியின் விண்ணப்பத்தை ரத்து செய்தவர், சு. ராமசுப்பு."