நான்காவது நிமிடத்து இருமல்

“ஜாஸைக் கேட்க முடியாது. அதன் முன் மண்டியிட மட்டுமே முடியும்.”

ஜாஸ் இசை ரசிகர் சங்கத்தின் தலைவர் அம்பலவாணன் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

மண்டியிட அங்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டிய அவருடைய பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் பதினோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்கு எப்போதும் முதல் வரிசை.



இரண்டு நாற்காலி தள்ளி மெர்வின் டிக்ரூஸ். பெரம்பூர்க்காரர். வயது எண்பத்திரண்டு. தோளில் சற்றுமுன் போர்த்திய பொன்னாடை. ஸ்பீக்கரிலிருந்து வரப்போகும் ட்ரம்ஸ் அவருடையது.

1969. மவுண்ட் ரோட்டில் ஒரு ஹோட்டல். கொழும்பு விமானம் ரத்தாகி சென்னையில் மாட்டிக்கொண்ட அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஹோரஸ் பெல்ட்டன், பொழுது போகாமல் ஹோட்டல் பேண்டோடு சேர்ந்து ஒரு மாலை வாசித்தார். யாரோ மேஜைக்கடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்துவிட்டார்கள். உலகத்திலேயே இந்த ஒரு பிரதிதான் என்பது தலைவரின் கட்சி.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டு முடித்ததும் வரிசையாக ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

‘நன்றாக இருந்தது’ என்பது வாக்கியம் ஆகாது. அப்படிச் சொன்ன ஒரு பேங்க் மேனேஜருக்கு அடுத்த மாதம் முதல் அழைப்பு போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பதிவை முதன்முறை போட்டபோது, இன்றைய முதல் வரிசைக்காரரின் முறை வந்தது. வாயில் ஒரு வாக்கியமும் இல்லை. ட்ரம்ஸ் தனியாக உருளும் நான்காவது நிமிடத்தில், கூட்டத்தில் யாரோ இருமியது மட்டும் நினைவிருந்தது.

“அந்த இருமல் என்னோடதுங்க,” என்றுவிட்டார்.

அது வளர்ந்தது.

சங்கத்தின் இதழில் இருமலைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. தாளத்தில் விழாமல் தாளத்தின் பக்கத்தில் விழுந்த இருமல் என்று எழுதினார்கள். அதில் ஓர் அடக்கம் இருப்பதாக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கண்டுபிடித்தார். முதல் வரிசை அப்படிக் கிடைத்ததுதான்.

மனைவி போன பிறகு, மாதத்தில் அவர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டும் ஒரே நாளும் இதுதான்.

இன்றைக்கு, அந்த மேடையிலேயே இருந்த மனிதரைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

டேப் ஓடத் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம். சாக்ஸபோன். அது மெல்ல ஒதுங்கிக்கொள்ள, ட்ரம்ஸ்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டேப் தொடங்கி மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. மூன்று ஐம்பத்தைந்து.

இருமல்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் பக்தியோடு திரும்பின.

மெர்வினின் தலையும்.

பாட்டு முடிந்தது. தலைவர் எழுந்தார். அன்றைக்கு இருமிய ரசிகர் இதோ இவர்தான் என்று, பெண்ணை ஒப்படைப்பது போல மெர்வினிடம் அறிமுகப்படுத்தினார்.

மெர்வின் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

ரசிகருக்குத் தொண்டை நிஜமாகவே அரித்தது. அடக்கிக்கொண்டார். இருமினால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள்.

“தெரியும் மேன்,” என்றார் மெர்வின். “முன் டேபிள். வெள்ளைச் சட்டை.”

கைதட்டல். நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிழைத்தோம் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம்தான் உறைத்தது. இல்லாத ஆளை இவர் எப்படிப் பார்த்தார்?

சமோசா வந்தது. அந்த அமளியில் மெர்வின் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பாத்ரூம் வரை துணைக்கு வரச் சொன்னார். பாத்ரூமைத் தாண்டி எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

பிடித்த கையை விடவில்லை.

“நீ சொல்லிடப்போறியோன்னுதான் நான் முந்திக்கிட்டேன் மேன். அன்னிக்கு நான் அங்க இல்ல. உனக்குத்தான் தெரியுமே.”

அவர் தலையாட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது.

மஞ்சள்காமாலையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை மெர்வின் சொன்னார். ஹோட்டல் போர்டில் பேண்ட்காரர்களின் பெயர் எழுதியிருந்ததாம். அதை யாரும் மாற்றவில்லை. டேப் பெட்டியின் மேல் அதையே எழுதிவிட்டார்கள். தன் இடத்தில் யாரை உட்காரவைத்தார்கள் என்று பேண்டில் இருந்தவர்களைக் கேட்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. கேட்கலாம் என்று மனசு வந்தபோது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

“அந்த மாதிரி நான் ஒருநாளும் வாசிச்சதில்ல. அவன் யாரு? எப்படி இருந்தான்? பார்த்தவன்னு நீ ஒருத்தன்தான் மேன் பாக்கி.”

வெளியே தலைவர் டேப்பை மறுபடி போட்டிருந்தார். ட்ரம்ஸ் உருண்டு வந்தது. மெர்வின் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டேப் பிடித்த அந்த 1969 மாலையில் வத்தலக்குண்டில் அவருடைய அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர் பஜ்ஜி பரிமாறிக்கொண்டிருந்தார்.