வெறும் மாத்திரை

"பெண்டாட்டி ஒரு வாய் சோறு இறங்காம கிடக்கா. மாப்பிள்ளை போதை ஏத்திக்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு."

வராந்தாவில் மனைவியின் அண்ணன் சொன்னது, உள்ளே படுத்திருந்த லாரி டிரைவருக்கும் கேட்டிருக்கும். கேட்காதவர்போல், வெளிச்சம் படாமலிருக்கக் கொடுத்திருந்த கண்பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அண்ணன் பேச்சில் தப்பிருப்பதாக நர்ஸுக்கும் தோன்றவில்லை. காய்ச்சலில் ஆறு வயதுப் பையனைப் பறிகொடுத்த வீடு. துக்கத்துக்கான இந்த மருந்து ஆராய்ச்சிக்கு டாக்டர் முதலில் கூப்பிட்டது பையனின் அம்மாவைத்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஒரு ராத்திரி தாமதித்தது தான்தான், தனக்கு வலிக்கட்டும் என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழவும் இல்லை. அந்த இடத்தில் இந்த மனிதர் முந்திக்கொண்டு பெயரைக் கொடுத்தால் யார்தான் பேசமாட்டார்கள்?

டாக்டர் அண்ணனுக்குப் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். எங்கோ மலைக்காட்டு ஜனங்கள் தெய்வத்தோடு பேசுவதற்கென்று தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த காளான் இது. பிறகு அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். கண்டவர்களும் கூத்தடிக்கத் தொடங்கியதும் சட்டம் போட்டுப் பூட்டினார்கள். இப்போது, தீராத துக்கத்துக்குக் கேட்குமா என்று மறுபடி பார்க்கிறார்கள். மூளை ஓடி ஓடிப் பழகிய தடத்தைச் சில மணி நேரம் கலைத்துவிடும், அடைத்துக் கிடந்தது வெளியே வரும் என்றார்.

"சாராயக் கடைக்காரனும் இதையேதான் சொல்றான்" என்றார் அண்ணன்.

ஆராய்ச்சி என்பதால் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. ஆனால் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் மறைக்க முடியுமா? மருந்து ஏறினால் கண்மணி விரியும், ரத்த அழுத்தம் கூடும். சிலர் சிரிப்பார்கள், சிலர் சுவரோடு பேசுவார்கள்.

டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறையில் ஓடும் பாட்டைக் கேட்டால் தூக்கம் வருகிறது, வேறு போடுங்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு விழுந்தது வெறும் மாத்திரைதானே, சிஸ்டர்?" என்று கேட்டார்.

தெரியாது என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம்வரை அப்படியே கிடந்தார்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை சாப்பிட்டவரைத் தனியாக அனுப்பமாட்டார்கள். வீட்டு ஆள் வர வேண்டும். கிளம்பும்முன், தான் கண்டதை அந்த ஆளிடம் அவர் சொல்ல வேண்டும். கேட்பவர் குறுக்கே பேசக் கூடாது, நிஜமா பொய்யா என்று விசாரிக்கக் கூடாது. வீட்டு ஆளாக டிரைவர் சொல்லியிருந்தது மனைவியை. அதனால்தான் வாசல் தாண்டாமல் கிடந்தவள் சாயங்காலம் அண்ணனோடு வந்திருந்தாள்.

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டிரைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் வந்தான். பல்லு விழுந்த வாயோட சிரிச்சுக்கிட்டு, லாரியில என் பக்கத்துல ஏறி உட்கார்ந்துக்கிட்டான். அம்மா ஏம்ப்பா சாப்பிட மாட்டேங்குதுன்னு கேட்டான். எனக்கு வலிக்கவே இல்லப்பா, தூக்கத்துலயே வந்துட்டேன், அம்மா மேல ஒரு தப்பும் இல்லன்னு போய்ச் சொல்லுன்னான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவர் தோளில் சாய்ந்தாள்; அடிவயிற்றிலிருந்து வந்தது அழுகை. வாசலில் நின்ற அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து விழித்துக்கொண்டே கிடந்த ஆள், செத்த பிள்ளையின் பேரில் வாய் கூசாமல் புளுகுகிறாரே. மனைவி வெளியே போய் முகம் கழுவும் நேரத்தில் டிரைவரைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பொய்யை மருந்தின் கணக்கில் சேர்த்தால், நாளைக்கு எத்தனை பேர் நம்பி ஏமாறுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் தெரியலைன்னே எழுதிக்குங்க, சிஸ்டர். நான் சொல்லிப் பார்த்துட்டேன், அவங்க அண்ணன் சொல்லிப் பார்த்துட்டாரு. பிள்ளை சொன்னா கேப்பாளோன்னுதான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பினார்கள். வாசல்வரை போன மனைவி மட்டும் திரும்பி வந்தாள். கணவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட கண்பட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"அவர் கண்ணுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"நல்லாத் தெரிஞ்சுதும்மா. நான் பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள் நர்ஸ். சற்றுமுன் பொய்க்காகப் பல்லைக் கடித்த அதே நர்ஸ்.

மனைவி தலையை ஆட்டினாள். "போற வழியில ஏதாவது சாப்பிடலாம்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். நான் நம்பிட்டதாவே இருக்கட்டும்."

"அப்போ நம்பலையாம்மா?" என்றாள் நர்ஸ்.

"கடைசி வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வலிக்குதும்மா, வலிக்குதும்மான்னுதான் துடிச்சான், சிஸ்டர். இவர் அப்போ லோடோட வெளியூர்ல இருந்தாரு. தூக்கத்துலயே போயிட்டான்ங்கறது, அவ்வளவு தூரம் தனியா வண்டி ஓட்டிக்கிட்டு வரணுமேன்னு போன்ல நான் அவருக்குச் சொன்ன பொய்."