முதல் மைக்

பாட்டு மறுபடியும் தானாக அமுங்கியது. மண்டபத்தில் ஆள் இல்லை. மைக்கைத் தொட ஒரு ஈ, காக்கை கூட இல்லை.

வீராசாமி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். மாடி அறைச் சுவரில், தாம் சற்று முன்புதான் மாட்டி முடித்த ஆம்ப்ளிஃபயரையே பார்த்தார். முதல் மைக்குக்கான சின்னப் பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது. உடனே, சோதனைக்காக அவர் போட்டிருந்த கல்யாண மேளம் பழையபடி எழுந்தது.

அந்த முதல் மைக் கீழே, சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது. பந்திக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று மேனேஜர் கேட்டு வைக்கச் சொன்னது. அதில் யாராவது வாயைத் திறந்தால், ஓடுகிற பாட்டை ஆம்ப்ளிஃபயர் தானே அமுக்கி அவர்களுக்கு வழிவிடும். யாரும் பேசாமல் அது அமுங்காது.

மேனேஜர் விமல்ராஜ் சாவியைக் கொடுக்கும்போதே, "சாயந்தரம் வரிக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்கண்ணே. நீங்க பாட்டுக்கு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கூட வந்த மகள் கலைவாணியையும் சாப்பாடு வாங்கப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பியாகிவிட்டது. படி இறங்கும்போது அவள் என்னமோ சொல்லிக்கொண்டே போனாள்.

"இன்னாடி முணுமுணுப்பு? பெரியவங்ககிட்ட மூஞ்சப் பாத்துப் பேசு!"

அவள் நின்று திரும்பினாள். "சாம்பார் சாதமா, தயிர் சாதமான்னு கேட்டேன் நைனா."

"எதுனா வாங்கினு வா."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், மரியாதை என்பதே போய்விட்டது என்று வீராசாமிக்கு ஒரு மனக்குறை. அதைக் கொஞ்ச நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறார்.

புது ஆம்ப்ளிஃபயரிலும் அவருக்குக் குறைதான். தவில் மட்டும் இடித்தது, நாயனம் எழவே இல்லை. அலுத்துக்கொண்டே, கீச்சொலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே, எதிர் ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பூவாயி முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். ஊரை ஒட்டி நிற்கிற கோட்டைப் பாறை வெயிலில் கொதிக்கிற கொதிப்பில் யார்தான் முக்காடு போடாமல் உட்கார முடியும்!

விளக்கு மறுபடி சிமிட்டியது. தவில் அமுங்கியது.

இந்த முறை அவர் அறையிலிருந்த ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்தார். யாரோ போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல இருந்தது. சொல் இல்லை.

வாசல்வரை போய், "யார்ரா அது கீழ?" என்று குரல் கொடுத்தார். படிப்பக்கம் காதைத் திருப்பி நின்று பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாம்பாள்!

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சவுண்ட் சர்வீஸுக்கு மைக் டெஸ்ட் செய்தவள் அவள்தான். அவர் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பார், அவள் மைக்கைப் பிடிப்பாள். மற்றவர்கள் மாதிரி 'ஹலோ, ஹலோ' என்று ஒருநாளும் சொன்னவளில்லை. "ஏங்க, சாப்ட வாங்க" என்பாள். சிங்கவரம் திருவிழாவில் அதைக் கேட்டு ஊரே சிரிக்கும்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்டவர் பேச்சையெல்லாம் நாலு தெருவுக்குக் கேட்கவைத்த மனுஷன், கட்டினவள் குரலை ஒரு கேசட்டில் கூடப் பிடித்து வைக்கவில்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்டுவிட்டால் போதும், அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

கீழே போய்ப் பார்த்துவிடலாமா? போய், அங்கே யாருமே இல்லையென்று தெரிந்துவிட்டால்? அவருக்குப் போக மனம் வரவில்லை.

விளக்கு சிமிட்டியது.

"ராஜாம்பா... நீதானா?" ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் இங்கதான் இருக்கேன் புள்ள. ஒரே ஒரு வாட்டி வாயத் தொறந்து சொல்லிடு. சொல்லிட்டுப் போயிடு."

முதல் மைக்கின் குமிழை முழுதும் ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. எதிரே பூவாயி பூக்கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து, மண்டபத்தைப் பார்த்துக் கையை வீசி என்னமோ வாயசைத்தாள். முனகல் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். கிட்டே வந்தும் பேச மாட்டேன் என்கிறாளே என்று அவர் குழந்தை மாதிரி அழுதார்.

விளக்கு அணைந்தது. தவில் திரும்பி வந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. வீராசாமி அலறிக்கொண்டு எழுந்தார்.

கலைவாணி நின்றுகொண்டிருந்தாள். படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். அவர் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள், குமிழ்களைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"கீழ இலயப் போட்டுட்டு, அம்மா மாரியே 'ஏங்க, சாப்ட வாங்க'ன்னு எத்தினி வாட்டி மைக்குல கூப்ட்டேன்... உனுக்குக் கேக்கவே இல்லியா, நைனா?"