கழற்றி வைத்த கடிகாரம்

எங்கள் ராக் குழுவின் பாட்டுக்குப் பொருள் என்ன என்று ரசிகர் தளத்தில் நடக்கும் வாக்கெடுப்பு இன்று மாலை முடிகிறது. முடிந்தபின் எழுதிய நானே வேறு பொருள் சொன்னாலும் செல்லாது.

'நீ கழற்றி வைத்த கடிகாரம் ஈரமாய் ஓடுது' என்ற என் வரி, பாலைத் திணையின் சாயலாம். அதில் வருபவன் என்னை விட்டுப் போன காதலனாம். ஆறு லட்சம் ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள்.

"யாரு அவன்?" என்றான் என் கணவன் கிளமெண்ட்.

"நீதான்டா! பாத்திரம் கழுவுறப்ப சிங்க் பக்கத்துல கழட்டி வைப்பியே, அந்த வாட்ச்!"

"அப்ப ஆறு லட்சம் பேரும் முட்டாளா?"

"எழுதினவ நான்!"

எழுதியவளுக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். அதைக் காலையிலேயே போட்டு, விளக்கமும் எழுதியிருந்தேன். 'ஆதாரம் போதாது' என்று கீழே எவனோ பதில் போட்டிருந்தான்.

"சரி, நம்புறேன். உனக்கே போட்டுடறேன்" என்று கிளமெண்ட் போனில் தட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனான்.

நான் திரையைப் பார்த்தேன். என் விளக்கத்துக்கு அப்போதும் நான் போட்ட ஒரே ஓட்டுதான்.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். வாட்ச்சைக் கழற்றாமலே குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.